படங்கும் மழைக்கோட்டும் ஒழுகாமல் இருக்க



மே மாதம் பிறந்தால் ஹற்றன், மஸ்கெலியா, நோர்வூட், வட்டவளை பக்கத்து மலைகளில் தென்மேல் பருவ மழை பிடித்துக்கொள்ளும். செப்டெம்பர் வரைக்கும் விடாது. ஊவாப் பக்கம் பதுளை, பசறையில் உள்ளவர்களுக்கு நவம்பர் தொடங்கித் தை மாதம் வரை வாடை மழை. நடுவில் ஒக்டோபர், நவம்பர் இடி மழை எல்லா மலைக்கும் பொது. மழை பெய்கிறது என்று கொழுந்து நிற்பதில்லை. கொழுந்து நிற்காவிட்டால் நாமும் வீட்டில் நிற்க முடியாது. இடுப்பில் படங்கும் தோளில் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு மலைக்குப் போகத்தான் வேண்டும்.

அந்தப் படங்கும் கோட்டும் ஏன் சீக்கிரம் ஒழுகிப் போகின்றன, ஒழுகாமல் வைத்திருக்க என்ன செய்யலாம் என்பதை இந்த முறை எழுதுகிறேன். எழுதுவதற்கு ஒரு காரணமும் உண்டு. அது என்னுடைய தவறு.

நான் சொன்ன பிழையான புத்திமதி

சில வருஷங்களுக்கு முன் ஒரு சுகாதாரக் கூட்டத்தில், "மழைக்கோட்டை வாரம் ஒரு முறை நல்லா சவர்க்காரத் தூள் போட்டுத் துவைங்க" என்று நான் சொன்னேன். சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். இரண்டு மாதம் போன பிறகு ஒரு நாள் காலை பத்து மணிக்கு, கொழுந்தெடுக்கிற ஒரு தங்கச்சி மலையிலிருந்து இறங்கி வந்தாள். முதுகு முழுவதும் நனைந்து உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்தான்.

"ஐயா, புதுக் கோட்டு ஐயா. ரெண்டு மாசந்தான் ஆகுது. கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றாள்.

கோட்டை வாங்கிப் பார்த்தேன். மெல்லிய நைலோன் கோட்டு. உள்பக்கத்துப் பூச்சு வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு விட்டிருந்தது. "எப்படிம்மா துவைச்சே?" என்று கேட்டேன். "நீங்க சொன்ன மாதிரித்தான் ஐயா. ராத்திரியே தூள்ல ஊறப்போட்டு, பீலிக்கரையில கல்லுல அடிச்சுத் துவைச்சேன்" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. ஏமாற்றியது கடைக்காரன் இல்லை.

குதிரைக்காரர் சொன்ன பாடம்

சரியான வழியை எனக்குக் காட்டியவர் என் மனைவியின் தமையனார். அவர் நுவரெலியாவில் குதிரை லாயத்தில் வெகு காலம் வேலை செய்தவர். அங்கே குதிரைகளைப் புல்வெளியில் விடும்போது, குளிருக்கும் மழைக்கும் முதுகில் ஒரு போர்வை கட்டுவார்களாம். பழைய போர்வைகள் தடித்த கித்தானில் செய்து உள்ளே கம்பளி வைத்துத் தைத்தவை. புதியவை நைலோன் அல்லது பொலியெஸ்டர் துணி, உள்ளே நீர் புகாத பூச்சு. மழைக்கோட்டும் அதே சாமான்தான்.

"மச்சான், அந்தப் போர்வைய நாங்க ஒரு நாளும் தூள் போட்டுத் துவைக்க மாட்டோம்" என்றார் அவர். "சேறு காயட்டும்னு விட்டுடுவோம். காஞ்ச பிறகு மெதுவான பிரஷ்ஷால தட்டிவிடுவோம். பிறகு பச்சைத் தண்ணி. ஈரத்தோட மடிக்க மாட்டோம். அடுப்புக்கிட்ட கொண்டு போக மாட்டோம். போர்வை ஒழுகினா குதிரை முதுகு ராத்திரி பூரா ஈரத்துல நிக்கும். குதிரைக்கு வாய் இல்லையே, சொல்லாது."

குதிரைக்கு இவ்வளவு கவனம் எடுக்கிறார்கள். நம்முடைய தாய்மாருக்கு வாய் இருந்தும் அவர்கள் முதுகு நனைவதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. இதை நினைத்துக்கொண்டுதான் வீடு திரும்பினேன்.

நனைந்தால் என்ன ஆகும்?

தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். குளிர்காற்றும் சேர்ந்தால் கை விறைக்கும். கை விறைத்தால் கொழுந்து எடுக்க வராது, கால் தடுமாறும், சரிவில் விழுவதும் நடக்கும். நாள் முழுதும் ஈரம் பட்ட தோலில் படை, சேற்றுப்புண் வரும். ஏற்கெனவே இழுப்பு உள்ளவர்களுக்கு இன்னும் கஷ்டம். பால் கொடுக்கிற தாய் ஈர உடுப்போடு பிள்ளைக்காம்பராவுக்கு ஓடி வந்து பிள்ளையைத் தூக்கினால் பிள்ளைக்கும் குளிர்தான். ஆகவே ஒழுகாத படங்கு ஆடம்பரம் அல்ல. கூடை, தலைக்கயிறு போல அதுவும் வேலைச் சாமான்.

முதலில் எது என்ன சாமான் என்று பாருங்கள்

எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் நான்கு வகை.

1. கித்தான் அல்லது தடித்த பருத்தித் துணி. நனைந்தால் நூல் ஊதி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் நல்ல கித்தான் முதல் மழையில் கொஞ்சம் கசிந்து பிறகு நிற்கும். ஆனால் நனைந்திருக்கும்போது உள்பக்கம் விரலாலோ முதுகாலோ தேய்த்தால் அந்த இடத்தில் கசியும்.

2. துணியின் மேல் இறப்பர் அல்லது பீவீசீ தடிப்பாகப் பூசியது. றெக்சின் மாதிரிப் பளபளப்பாக, பாரமாக இருக்கும்.

3. மெல்லிய நைலோன் கோட்டு. வெளியே துணி, உள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய பூச்சு.

4. வெறும் பொலித்தீன் சீட்டு. இதில் துணியே இல்லை.

துணிக்கு இறப்பர் பூசுகிற வேலை புதிதல்ல. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து சார்ள்ஸ் மெக்கின்டொஷ் என்பவர் இரண்டு துணிக்கு நடுவே இறப்பரை வைத்து ஒட்டும் முறைக்கு 1823 இல் உரிமம் பெற்றார். அந்தக் காலத்துக் கோட்டுகள் சூட்டில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். இப்போது அது மிகவும் குறைந்துவிட்டது. ஆனாலும் சூடும் எண்ணெயும் பூச்சுக்கு இன்றைக்கும் எதிரிதான்.

கெடுப்பது மழை அல்ல

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மழைக்கோட்டு மழையில் கெடுவதைவிட வீட்டில்தான் அதிகம் கெடுகிறது. எப்படி என்று பாருங்கள்.

சவர்க்காரத் தூள்: தூளின் வேலையே தண்ணீரை அழுக்குக்குள் இழுத்துக்கொண்டு போவது. சரியாக அலசாத தூள் துணியில் தங்கினால், மழைத் தண்ணீரையும் அதே மாதிரி உள்ளே இழுக்கும். முத்து முத்தாக உருண்டு ஓட வேண்டிய தண்ணீர் துணியில் பரவி ஊறும்.

கல்லில் அடிப்பது: கித்தான் ஓரளவு தாங்கும். பூச்சுள்ள கோட்டு தாங்காது. ஓர் அடி விழுந்தால் பூச்சில் மயிரிழை வெடிப்பு. முறுக்கிப் பிழிந்தாலும் அப்படியே.

ஈரத்தோடு மடித்து வைப்பது: மூட்டை கட்டிய ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பருத்தி நூலைப் பூஞ்சணம் தின்றுவிடும். நைலோன் கோட்டின் மெல்லிய பூச்சு, ஈரமும் புழுக்கமும் சேர்ந்தால் பிசுபிசுத்துப் பிறகு உதிரும். ஒரு முறை உதிர்ந்த பூச்சைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அடுப்புக்கு மேல் காயப்போடுவது: எங்கள் லயங்களில் இது சர்வசாதாரணம். பீவீசீ சூட்டில் முதலில் இளகும், பிறகு விறைத்து வெடிக்கும். நைலோனும் பொலித்தீனும் உருகும். அதைவிடப் பயங்கரம், தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். சொட்டு விழும் இடமெல்லாம் எரியும். பிள்ளைகள் படுத்திருக்கும் காம்பராவில் இந்த விளையாட்டு வேண்டாம்.

மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய்: கொழுந்துக் கறை போகட்டும், பளபளக்கட்டும் என்று சிலர் பூசுகிறார்கள். எண்ணெய் பட்டால் இறப்பர் ஊதிப் பலம் இழக்கும். தேங்காயெண்ணெய் வாசத்துக்கு எலியும் வரும்.

வேலை முடிந்து வந்ததும் செய்ய வேண்டியது

இதற்குக் காசு தேவையில்லை. ஐந்து நிமிஷம் போதும்.

பச்சைத் தண்ணீரை ஊற்றிச் சேற்றையும் அட்டையையும் கழுவி விடுங்கள். ஒட்டிய சேறு காய்ந்திருந்தால் மெதுவான பிரஷ் அல்லது பழந்துணியால் தட்டுங்கள். உதறுங்கள், பிழியாதீர்கள். பிறகு உள்பக்கத்தை வெளியே திருப்பி இஸ்தோப்பில் ஒரு மூங்கில் கழியில் விரித்துப் போடுங்கள். ஆணியில் மாட்டினால் முழுப் பாரமும் ஓர் இடத்தில் விழுந்து கிழியும். கம்பியில் போட்டால் துரு பிடிக்கும், மடிப்பும் விழும். உள்பக்கம் காய்ந்த பிறகு வெளிப்பக்கத்தைத் திருப்புங்கள். வெயில் அடித்தாலும் நாள் கணக்கில் வெயிலில் விட வேண்டாம். நிழலும் காற்றும்தான் நல்லது.

தொடர் மழையில் ராத்திரிக்குள் காயாது என்று சொல்வீர்கள். உண்மைதான். காய்ந்த பழந்துணியால் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டுத் தொங்கவிடுங்கள். பாதி காய்ந்தாலும் பரவாயில்லை, மடிக்காமல் இருந்தால் போதும். வசதி உள்ள வீட்டில் இரண்டு படங்கு வைத்து மாறி மாறிக் கட்டினால், ஒவ்வொன்றும் அதிக காலம் வரும்.

கடும் அழுக்கு என்றால் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் கட்டிச் சவர்க்காரம் கரைத்துத் துணியால் துடையுங்கள். பிறகு மூன்று தண்ணீரில் அலசுங்கள். பூஞ்சணப் புள்ளி இருந்தால், ஒரு பங்கு வினாகிரியில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து துடைத்து அலசிக் காயவையுங்கள்.

ஒழுகலா, வியர்வையா?

சில சமயம் கோட்டு நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் உள்ளே ஈரமாக இருக்கும். அது மழைத் தண்ணீர் அல்ல, நம் வியர்வை. மேடு ஏறி வேலை செய்யும்போது வருகிற ஆவி வெளியே போக வழியில்லாமல் குளிர்ந்த கோட்டில் பட்டுத் தண்ணீராகிறது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு வேலை செய்த பாட்டன் பாட்டிமாருக்கு இந்தத் தொல்லை குறைவு. கம்பளி, தன் நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் ஈரம் தெரியாது. ஆனால் பெருமழையில் கம்பளி சுமக்க முடியாத பாரமாகும்.

வித்தியாசம் கண்டுபிடிக்க வழி இதுதான். கோட்டைக் காயவைத்து, இரண்டு பேர் தொட்டில் மாதிரிப் பிடித்து, இரண்டு கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் வையுங்கள். கீழ்ப்பக்கம் காய்ந்திருந்தால் ஒழுகல் இல்லை. அப்போது செய்ய வேண்டியது, மழை விட்ட நேரம் கழுத்துப் பொத்தானைத் திறந்து காற்றுப் போக விடுவது. ஈரம் தெரிந்தால் அந்த இடத்தைப் பென்சிலால் வட்டம் போடுங்கள். ராத்திரியில் டோர்ச் லைட்டை உள்ளே வைத்துப் பார்த்தாலும் ஊசி ஓட்டை நட்சத்திரம் மாதிரித் தெரியும்.

எங்கே முதலில் ஒழுகும்?

மூன்று இடத்தைக் கவனியுங்கள். ஒன்று, கூடை உரசுகிற முதுகும் தோளும். பூச்சு தேய்வது மட்டுமல்ல, கூடையின் பாரம் தண்ணீரை அழுத்தி உள்ளே தள்ளும். இரண்டு, தேயிலை வாது உரசுகிற இடுப்பும் தொடையும். மூன்று, தையல். ஊசி போன ஒவ்வொரு இடமும் ஓர் ஓட்டை. குதிரைப் போர்வையும் தோள் பக்கத்தில்தான் முதலில் தேயுமாம்.

ஆகவே புதுக் கோட்டு வாங்கியதும் முதுகில் கூடை படுகிற இடத்துக்குத் தனியாக ஒரு பழைய படங்குத் துண்டைப் போட்டுக்கொண்டு கூடையை மாட்டுங்கள். கோட்டின் மேல் தைக்க வேண்டாம். தேய்வது துண்டாக இருக்கட்டும்.

ஒட்டுப் போடும் முறை

ஒட்டுகிற இடம் சுத்தமாகவும் நன்றாகக் காய்ந்தும் இருக்க வேண்டும். ஒட்டுத் துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர் மூலைதான் முதலில் கிளம்பும். இறப்பர் பூசியதற்குச் சைக்கிள் டியூப் துண்டும் சொலூசனும் பிடிக்கும். பீவீசீக்கு அந்தச் சொலூசன் சரியாகப் பிடிக்காது. பீவீசீ துணி ஒட்டுகிற பசை என்று ஹார்ட்வெயார் கடையில் கேட்டு வாங்குங்கள். தண்ணீர்க் குழாய் ஒட்டுகிற பசை வேண்டாம். அது காய்ந்தால் விறைத்து, மடிகிற இடத்தில் வெடிக்கும். பொலித்தீனில் எந்தப் பசையும் நிற்காது. அகல ஒட்டு நாடாவை இரண்டு பக்கமும் ஒட்டலாம், கொஞ்ச நாள் வரும்.

கித்தானுக்கு மட்டும் ஒரு மலிவு வைத்தியம்

கித்தான், பருத்திப் படங்கு வைத்திருப்பவர்களுக்கு இது. தையல் ஓரங்களில் வெள்ளை மெழுகுதிரியை அழுத்தித் தேயுங்கள். மேலே கடதாசி வைத்து, சூடு குறைந்த இஸ்திரிப்பெட்டியால் ஒரு முறை இழுத்தால் மெழுகு நூலுக்குள் இறங்கும். மெழுகைச் சட்டியில் போட்டு நேராக நெருப்பில் காய்ச்ச வேண்டாம், தீப்பிடிக்கும்.

முழுத் துணிக்கும் என்றால் படிகாரம் உதவும். ஐந்து லீற்றர் சுடுதண்ணீரில் சுமார் 300 கிராம் கட்டிச் சவர்க்காரத்தைச் சீவிக் கரையுங்கள். தூள் சரிவராது. சுத்தமான துணியை அதில் நன்றாக ஊறவைத்து, அலசாமல் காயவிடுங்கள். பிறகு இன்னொரு ஐந்து லீற்றர் சுடுதண்ணீரில் சுமார் 150 கிராம் படிகாரம் கரைத்து, காய்ந்த துணியை அதில் சில மணி நேரம் ஊறவைத்து மறுபடியும் காயவிடுங்கள்.

"சவர்க்காரம் கெடுதி என்றீர்களே" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. படிகாரம் சேர்ந்ததும் சவர்க்காரம் தண்ணீரில் கரையாத மெழுகு மாதிரிப் பொருளாக மாறி நூலில் ஒட்டிக்கொள்ளும். அது தண்ணீரைத் தள்ளும். முதலில் ஒரு மூலையில் செய்து பாருங்கள். தூறலுக்கும் சாதாரண மழைக்கும் உதவும். காலப்போக்கில் குறையும், அப்போது மறுபடி செய்யலாம். நைலோனுக்கும் பீவீசீக்கும் இந்த வைத்தியம் எதுவும் வேண்டாம்.

செய்யக் கூடாத ஒன்று

மருந்தடிக்கிற வேலைக்குக் கட்டிய சீட்டை மழைக்குக் கட்டாதீர்கள், வீட்டுக்கும் கொண்டு வராதீர்கள். உரச்சாக்கைக் கொங்காணியாகப் போடுவதும் நல்லதல்ல. பின்னிய சாக்கில் தண்ணீர் இறங்கும், மிச்சமுள்ள உரம் கரைந்து கழுத்திலும் முதுகிலும் அரிக்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை

மழை தொடங்கிய பிறகு ஓட்டை தேடாதீர்கள். மேற்குப் பக்க மலைகளில் உள்ளவர்கள் சித்திரை வருஷம் முடிந்த கையோடும், ஊவாப் பக்கம் உள்ளவர்கள் தீபாவளிக்கு முன்னும் படங்கு, கோட்டு எல்லாவற்றையும் விரித்துப் பாருங்கள். மழை இல்லாத காலத்தில் அவற்றை மடிக்காமல் சுருட்டி வையுங்கள். பையில் பன் துண்டு, ரொட்டித் துண்டு இருந்தால் எடுத்துவிடுங்கள், எலி தேடி வரும். துவைக்கிறதும் காயப்போடுகிறதும் அம்மாவின் வேலை மட்டும் என்று ஆண்பிள்ளைகள் ஒதுங்க வேண்டாம். அவர் மழையில் நின்றுவிட்டு வருகிறார். கோட்டை வாங்கி இஸ்தோப்புக் கழியில் விரிக்க ஒரு கை போதும்.

அந்தத் தங்கச்சியின் கோட்டு மறுபடி மலைக்குப் போகவில்லை. உதிர்ந்த பூச்சை யாராலும் ஒட்ட முடியாது. இப்போது அது அவள் வீட்டு விறகை நனையாமல் காக்கிறது. அடுத்த கோட்டை அவள் தூளில் ஊறப்போடவும் இல்லை, கல்லில் அடிக்கவும் இல்லை. போன மழைக்காலத்தில் அந்தக் கோட்டோடுதான் முழுப்பேருக்கு வேலை செய்தாள். "ஐயா, இந்த வாட்டி நீங்க சொன்னது சரி" என்று சிரித்தாள். அன்றைக்குத் தவறாகச் சொன்னதற்கு இந்தக் கட்டுரையை என் மன்னிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.